"ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீங்க?": பழைய கார் வாங்கி ஏமாந்தவருக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: திண்டுக்கல்லில் வசிக்கிறேன். கடைகளுக்குச் சேலை, வேட்டி எடுத்துக் கொடுக்கும் சிறு தொழில். கோவையில் ஒரு டீலரிடம் 2017 மாடல் டீசல் காரை 4,10,000 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று லட்சம் வங்கி வழியாக, மீதி ரொக்கம். மீட்டர் 62,000 கி.மீ. காட்டியது. மூன்றாவது வாரமே என்ஜின் சூடாகி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கட் (என்ஜினுக்குள் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் அடைப்பு) போய்விட்டது, வண்டி இதைவிட அதிகம் ஓடியிருக்கிறது என்கிறார் மெக்கானிக். டீலரோ, "ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீங்க, வாரண்டி இல்லைன்னு கையெழுத்தும் போட்டிருக்கீங்க" என்கிறார். 60,000 கூடுதலாகக் கொடுத்தால் வேறு கார் மாற்றித் தருகிறாராம். பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் இரண்டு காரியங்களை மட்டும் இப்போது செய்துவிடாதீர்கள். என்ஜினைப் பிரித்து ரிப்பேர் பார்க்காதீர்கள். மாற்றுக் காருக்குத் தலையாட்டாதீர்கள்.

என்னிடம் வருகிறவர்களில் பலர் விழுவது இந்த இரண்டாவது குழியில்தான். மாற்றுக் கார் கொடுக்கும்போது டீலர் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார். "பழைய வண்டி குறித்து இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று அதில் ஒரு வரி இருக்கும். அத்தோடு உங்கள் வழக்கு முடிந்தது. உங்களுடைய ஒரே சாட்சியான அந்தக் காரும் அவருடைய ஷெட்டுக்குள் போய்விடும். பத்து நாளில் மேலோட்டமாகத் தட்டிக்கொட்டி இன்னொருவர் தலையில் கட்டிவிடுவார். புதிதாகத் தருகிற காரின் விலையும் அவர் சொல்வதுதான். உங்கள் பணத்தை வைத்துக்கொண்டே மேலும் 60,000 கேட்பதற்கு உதவி என்று பெயர் கிடையாது.

ஓட்டிப் பார்த்து எடுத்தீர்கள் என்ற வாதத்துக்கு வருவோம். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டிய குறைக்கு நீங்கள் பிறகு சண்டை போட முடியாது. டயர் தேய்ந்திருந்தது, கதவில் கீறல் இருந்தது என்றால் அது உங்கள் பாடு. கேஸ்கட் உள்ளே கசிவதும் மீட்டரைத் திருப்பியிருப்பதும் பத்து நிமிட ஓட்டத்தில் தெரிகிற சமாச்சாரமா? வாரண்டி இல்லை என்று நீங்கள் போட்ட கையெழுத்தும், பொய்யான கிலோமீட்டரைச் சொல்லி விற்றதற்குக் கேடயம் ஆகாது.

ஆகவே உங்கள் வழக்கின் உயிர் மீட்டரில்தான் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு ஆர்.சி. நகலோடு போய், சேசிஸ் எண்ணைச் சொல்லி சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸின் போதும் அன்றைய கிலோமீட்டரைப் பதிந்திருப்பார்கள். பழைய பதிவு ஒன்றிலாவது 62,000-ஐத் தாண்டியிருந்தால் பாதி ஜெயித்த மாதிரி. டீலர் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

மெக்கானிக் வாயால் சொன்னது செல்லாது. வண்டி எண், இன்றைய மீட்டர் அளவு, என்ன பழுது, இது மூன்று வாரத்தில் வரக்கூடியதா, ரிப்பேர் செலவு எவ்வளவு ஆகும் என்று லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். ஆயில் மூடியைத் திறந்து போட்டோ எடுங்கள். அடிப்பக்கத்தில் வெளிறிய பழுப்பில் கொழகொழவென்று படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரேக் பெடல் ரப்பரையும் எடுங்கள். வரிகள் மழுங்கி வழுவழுவென்று இருந்தால் 62,000-ஐ யார் நம்புவார்கள்?

அப்புறம் கடிதம். இந்த வாரமே அனுப்புங்கள். குறை தெரிந்த பிறகும் நாள் கணக்கில் சும்மா இருந்தால் வண்டியை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். "வண்டியை நிராகரிக்கிறேன், வந்து எடுத்துக்கொண்டு 4,10,000 ரூபாயை 15 நாளில் திருப்பித் தரவும்" என்று ஒப்புகையோடு தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்த 1,10,000-க்கு ரசீது இருக்காது என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப்பில் அந்தத் தொகையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அவர் மறுக்காமல் பதில் போட்டாலே அது உங்களுக்குச் சாதகம்.

பணம் வரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். கோவைக்கு அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் திண்டுக்கல்லிலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. நுகர்வோர் புகாருக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதி வழியாகவும் தாக்கல் செய்யலாம். குறை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. முழுப் பணத்தையும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் ரிப்பேர் செலவும் நஷ்ட ஈடும் என்று மாற்றாகவும் கேட்டு வையுங்கள்.

ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "தொழிலுக்கு வாங்கியவர், நுகர்வோரே இல்லை" என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பிப்பார். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குகிறது, உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரை விலக்கவில்லை. கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கழகம் ஒரு தரப்பாக இருந்த 1995-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது: தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர்தான், கூடமாட ஓரிருவர் உதவினாலும் அந்தத் தகுதி போகாது. எனவே புகாரின் முதல் பக்கத்திலேயே "நானே ஓட்டுகிறேன், இதுவே என் பிழைப்பு, வீட்டு உபயோகத்துக்கும் இந்தக் கார்தான்" என்று, உண்மை அதுவானால், எழுதிவிடுங்கள். சம்பளத்துக்கு டிரைவர் போட்டு வாடகைக்கு விட்டிருந்தால் கதை வேறு. பெருமைக்காக "எங்கள் நிறுவனத்தின் வாகனம்" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே வழக்கைத் தள்ளப் பார்ப்பார்கள்.

பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில், தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நடப்பதோ வாய்தா மேல் வாய்தா. இன்று உறுப்பினர் இல்லை, நாளை எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்று ஏமாந்தவரையே மறுபடி மறுபடி படியேற வைப்பது அநியாயம். இதில் உங்கள் கையில் இருக்கும் ஒரே கடிவாளம் 45 நாள் கணக்கு. ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் டீலர் பதில் தர வேண்டும். மேற்கொண்டு 15 நாள் தரலாம், அதற்குமேல் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, 46-ஆவது நாள் பதில் வந்தால் எழுந்து நின்று ஆட்சேபியுங்கள். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே பேசலாம்.

இடையில் ஆட்கள் வருவார்கள். "ஆணையத்துல நமக்கு ஆள் இருக்கு" என்பவர், காரை விற்றுத் தந்த அதே புரோக்கர், "ஸ்டேஷன்லயே உட்கார்ந்து பேசி முடிச்சிடலாம்" என்பவர். கட்டப் பஞ்சாயத்தில் ஒரு லட்சத்தை வாங்கிக்கொண்டு, அதில் புரோக்கருக்குப் பாதி கொடுத்து, புகாரையும் வாபஸ் வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ. இவர்களில் ஒருவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

காருக்குக் கடன் வாங்கியிருந்தால் தவணையை நிறுத்த வேண்டாம். டீலர் மீதுள்ள கோபத்தை ஃபைனான்ஸ் கம்பெனியிடம் காட்டினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு ஆணையத்தின் முன் எதைக் காட்டுவீர்கள்?