நாப்பது வயசுக்குப் பிறகு படிச்சா மண்டையில ஏறுமா?

நீங்க கேட்டது இதான்: வயசு 41, அக்கரைப்பற்றுல ஒரு ஹார்ட்வெயார் கடையில பில் போடுறீங்க, ஓ.எல்., அதான் சாதாரண தரப் பரீட்சையோட படிப்பு நிண்டு போச்சு, இனி ஏதும் படிக்கேலுமா, படிச்சாலும் மண்டையில நிக்குமா, நிண்டாலும் இந்த வயசுல அதால என்ன பிரயோசனம் எண்டு.

தம்பி, ஏலும். நான் மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடிப் பக்கம், வீட்டு வயறிங் வேலை செய்யிற ஆள், வயசு அம்பது தாண்டிட்டு. பிரச்சினையெல்லாம் ஓ.எல்.ல விட்ட இடத்துல இருந்து, அப்ப படிச்ச மாதிரியே, தனிய மேசையில இருந்து கொப்பியப் பாடமாக்கிப் படிக்கலாமெண்டு நினைக்கிறதுலதான். அப்பிடி இருந்தா ஒரு கிழமைக்குள்ள வெறுத்துப் போகும், பிறகு மூளைக்கு வயசு போயிட்டு எண்டு சொல்லிட்டு விட்டுருவீங்க. மூளைல பிழை இல்ல, படிக்கிற விதத்துலதான் பிழை.

என்ட கதையச் சொல்றன். தொண்ணூறாம் ஆண்டு யுத்தப் பிரச்சினையோட பள்ளிக்கூடம் போய்ச்சு, மாமாவோட வயறிங் வேலைக்குப் போனன். எர்த் என்னத்துக்கு, நியூட்ரல் லூஸானா என்ன நடக்கும் எண்டதெல்லாம் கையாலதான் படிச்ச. கட்டார் போய் வந்து, கனகாலம் கழிச்சுத்தான் ஆர்.பி.எல். எண்டு ஒண்டு இருக்கிறது தெரிய வந்துது, அதாவது ஏற்கனவே வேலை தெரிஞ்ச ஆள் திரும்ப முதல்ல இருந்து கோர்ஸ் செய்யத் தேவையில்ல, செஞ்ச வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளருக்கு முன்னால வேலையச் செஞ்சு, அவர் கேக்கிறதுக்கு வாயால பதில் சொன்னா தேசிய தொழில் தகைமை, இந்த என்.வி.கியூ. சேட்டிபிக்கட் கிடைக்கும். எனக்கு அப்பிடித்தான் கிடைச்சுது. 4ஆம் மட்டம்தான் முழுத் தொழிலாளிக்குரிய மட்டம், 5ம் 6ம் டிப்ளோமா, 7 டிகிரி அளவு. மேசன், ஓடாவி, மெக்கானிக், தையல் எண்டு கனக்கத் தொழிலுக்கு இது இருக்கு, எங்கட பக்கத்து ஆக்கள் பாதிப் பேருக்கு இது தெரியாமலே வயசு போகுது, அதுதான் எனக்கு மிச்சம் கவலை.

பிறகு 2016க்குப் பிறகு கூரைக்குக் கூரை சோலார் வரத் தொடங்கிச்சு. எங்களப் போல பழைய வயறிங்காரருக்கு அது ஒரு புது உலகம். அதுக்கெண்டு ஒரு கோர்ஸுக்குப் போனன், அங்க படிப்பிச்சது ஒரு எஞ்சினியர் பிள்ளை, என்ட மகள விட நாலஞ்சு வயசு மூப்பா இருக்கும், நாங்க எல்லாரும் "மிஸ்" எண்டுதான் கூப்பிட்ட. முதல் நாள் பின்வாங்குல இருந்த ஆக்கள் ஒருத்தரும் வாய் திறக்கல்ல. அந்தப் பிள்ளை என்ன செஞ்சா எண்டா, போர்டுல ஒண்டும் எழுதல்ல, "ஐயா, ஒரு வீட்டுல ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகுது, எப்பிடித் தேடுவீங்க?" எண்டு மூத்த ஆள்கிட்டக் கேட்டா. அந்த மனிசன் எழும்பி, ஒவ்வொரு பிரேக்கரா நிப்பாட்டிப் பாக்கிறதில இருந்து, குளியலறை ஹீட்டர்ல நிக்கிறது வரைக்கும் நிப்பாட்டாமச் சொன்னாரு. அந்த நிமிசத்துல இருந்து வகுப்பு மாறிப் போச்சு.

அதுக்குப் பிறகுதான் அவ டி.சி.க்கு, அதான் ஒரே திசையில ஓடுற கரண்டுக்கு வந்தா. நாங்க இவ்வளவு காலமும் பழகினது ஏ.சி., திசை மாறி மாறி ஓடி, செக்கனுக்கு 100 தரம் பூச்சியத்தத் தொட்டுட்டுப் போற கரண்ட், அதால சுவிட்ச் திறக்கக்குள்ள வாற நெருப்புப்பொறி தானா அணையும். சோலார் பேனல்ல இருந்து வாறது டி.சி., அது பூச்சியத்துக்கு வராது, ஒரு பேனல்ல நாப்பது சொச்சம் வோல்ட், பத்துப் பேனல வரிசையாத் தொடுத்தா நானூறுக்கு மேல, லோட் ஓடக்குள்ள கனெக்டரக் கழட்டினா பொறி அணையாம இழுத்துக்கொண்டே எரியும். மெயின் சுவிட்ச நிப்பாட்டினாலும், வெயில் இருக்கும் மட்டும் பேனல் பக்கத்துல வோல்ட் இருக்கும். மெயின நிப்பாட்டினா எல்லாம் செத்துப்போகும் எண்டது எங்கட கைக்குப் பழகின அறிவு, அத அந்த இடத்துல மறக்கணும். புதுசா வந்த பொடியனுக்கு அது வில்லங்கமே இல்ல, அவனுக்குப் பழைய பழக்கம் இல்ல. எங்களுக்கு எர்த்திங், கேபிள் சைஸ், கூரையில ஏறி வேலை செய்யிறதெல்லாம் சுகமா வந்துது, இந்த ஒரு இடத்துலதான் கனநேரம் நிண்ட. அனுபவம் உள்ள ஆள் படிக்கக்குள்ள எது உதவும், எது மறிக்கும் எண்டத முதல்லயே பிரிச்சுக் காட்டுற ஆசிரியர் கிடைச்சா அரைவாசி வேலை முடிஞ்சுது.

இன்னொண்டு, ஒவ்வொரு நாள் காலையிலயும் அவ கொப்பிய மூடச் சொல்லிட்டு முந்தின நாள் கீறின சர்க்கிட்ட மனசுல இருந்து கீறச் சொல்லுவா. திரும்பத் திரும்ப வாசிக்கிறத விட, மூடி வச்சிட்டு நினைச்சு எடுக்கிறதுதான் கனகாலம் நிக்கும் எண்டு ஆராய்ச்சிக்காரரும் சொல்லியிருக்காங்க. உங்களுக்குச் செலவில்லாத வழி அது, இண்டைக்கே தொடங்கலாம்.

மூளையப் பத்திக் கேட்டீங்கதானே. வேகம் குறையிறது உண்மை, இருபதுகள்ல இருந்த வேகம் நாப்பதுல இல்ல. ஆனா சொல்வளம் அறுபது வரைக்கும் கூடிக்கொண்டு போகும் எண்டு கண்டிருக்காங்க. லண்டன்ல கறுப்பு டாக்சி ஓடுற ஆக்கள் ஏறக்குறைய 25,000 தெருவ மனசுல வச்சுக்கொண்டுதான் லைசன்ஸ் எடுக்கணும், அதுக்கு மூணு நாலு வருசம் போகும், அதுல கனபேர் கலியாணம் முடிச்சுப் பிள்ளை குட்டியோட இருக்கிற வளந்த ஆக்கள். 2000ஆம் ஆண்டு அவங்கட மூளைய ஸ்கேன் பண்ணிப் பாத்ததில, இட ஞாபகத்துக்குரிய பகுதியின்ட பின்பக்கம் மற்ற ஆக்கள விடப் பெருசா இருந்திருக்கு. 2011ல வந்த இன்னொரு ஆராய்ச்சியில, படிக்க முந்தியும் பிந்தியும் அளந்து பாத்தாங்க, படிச்சுப் பாஸான ஆக்களுக்குத்தான் அது கூடியிருந்துது.

சரி, மூளை ஏலுமெண்டா ஏன் ஆக்கள் படிக்கிறாங்கல்ல? வெட்கம்தான். நம்மட ஆக்களுக்கு மகன்ட வயசுப் பொடியனுக்கு முன்னால பிழை விடுறது சாவு மாதிரி. ஆனா அந்த வெட்கம் இல்லாத ஒரு இடம் மட்டக்களப்புல இருக்கு, கூத்துக்களரி, ஊராக்கள் நாட்டுக்கூத்துப் பழகி ஆடுற இடம். வேளாண்மை வெட்டு முடிஞ்ச பிறகு ஊருல கூத்துப் பழக்கம் தொடங்கும். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் ஆளப் பாத்து, குரலப் பாத்து சட்டங் கொடுப்பாரு, அதாவது ஆருக்கு எந்தப் பாத்திரம் எண்டு பிரிச்சுக் குடுப்பாரு, உனக்கு அருச்சுனன், உனக்குத் தருமர் எண்டு. பிறகு ராவு ராவாப் பழக்கம், மத்தளத்துக்கு முன்னால அறுபது வயசு ஆளும் இருபது வயசுப் பொடியனும் ஒரே தாளக்கட்டுக்கு மிதிப்பாங்க. கால் பிழைச்சா அண்ணாவியார் அந்த இடத்துலயே மத்தளத்த நிப்பாட்டுவாரு, திரும்ப ஆடணும், சுத்தி இருந்து பாக்கிற ஊராக்களும் சொல்லுவாங்க, ஒருத்தருக்கும் கோவம் வராது. எழுத்து வாசிக்கத் தெரியாத ஆள் பாட்டக் காதால கேட்டே எடுத்துருவாரு. பிறகு காலுல சதங்கை கட்டுற சதங்கை அணி, அதுக்குப் பிறகு முழுக்கூத்தையும் ஒருக்கா ஆடிப் பாக்கிற அடுக்குப் பாக்கிறது, அதுக்குப் பிறகு அரங்கேற்றம், முடிஞ்ச பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுறது. பகலெல்லாம் வயலுல நிண்ட மனிசன் மாசக்கணக்கில ராவுல முழிச்சிருந்து இவ்வளவு பாட்டையும் ஆட்டத்தையும் எடுக்கிறாரெண்டா அவருக்கு மூளை ஏறல்ல எண்டு யாரும் சொல்லேலாது. பிழைய உடன திருத்த ஒராள் நிக்கிறாரு, பக்கத்துல பிழைக்கிற ஆக்கள் இன்னும் நாலு பேர் இருக்காங்க, ஊருக்குச் சொன்ன திகதி ஒண்டு முன்னால கிடக்கு. நீங்க எதப் படிச்சாலும் இந்த மூணும் இருக்கா எண்டு பாருங்க, நான் கோர்ஸ் லீப்லெட்டில முதல்ல தேடுறதே இதத்தான்.

திருத்தம் பிந்தினா படிப்பும் பிந்தும். வயறிங்ல பிழை விட்டா ஒரு நிமிசத்துல தெரியும். நெல்லுக்கு மூணு மூணரை மாசம் போகணும், வருசத்துக்கு பெரும்போகம் சிறுபோகம் எண்டு ரெண்டே சந்தர்ப்பம்தான். 2021ல அரசாங்கம் இரசாயனப் பசளைய திடீரெண்டு நிப்பாட்டக்குள்ள அம்பாறை, மட்டக்களப்பு விவசாயிகள் பட்ட பாடு அதான், கூட்டெரு போடத் தெரியாம இல்ல, பழைய ஆக்களுக்கு அது நல்லாத் தெரியும், ஆனா இப்பத்தய நெல்லினங்களுக்கு எவ்வளவு, எப்ப எண்டு பழகிப் பாக்கிறதுக்கு ஒரு போகம் கூடக் குடுக்காம முழு வயலையும் வச்சுப் பரீட்சை எழுதச் சொன்னாங்க. நவம்பர்ல அந்தத் தடைய எடுத்தாங்க, அதுக்குள்ள விதைப்புக் காலம் வந்துட்டு. வயசு வந்த ஆக்கள் படிக்கமாட்டாங்க எண்டு கதைக்கிறவங்க இத யோசிக்கணும்.

என்ட தங்கச்சி கல்முனையில கலியாணம் முடிச்சு, அம்பாறையில அரச கந்தோர் ஒண்டுல வேலை. அரச உத்தியோகத்துக்கு இரண்டாம் மொழி வேணும், சிங்களம் படிச்சுப் பரீட்சை பாஸ் பண்ணிட்டா, ஆனா போன்ல ஒருத்தர் கதைச்சா கை நடுங்கும். சிங்களத்துல கதைக்க வந்தது எங்கயெண்டா, பகல் சாப்பாட்டு மேசையில. சோத்துப் பார்சல விரிச்சு வச்சுக்கொண்டு பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளோட கறியப் பத்தி, பிள்ளைகளப் பத்திக் கதைச்சுக் கதைச்சு வந்தது. அந்தப் பிள்ளைகள் அவகிட்டத் தமிழ் பழகினாங்க. இப்ப கந்தோருக்கு வாற ரெண்டு பக்கத்து ஆக்களோடயும் அவதான் கதைக்கிறா.

நம்மட விபுலானந்த அடிகள எடுங்க, காரைதீவுல 1892ல பிறந்தவரு. 1916ல மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர், 1920ல லண்டன் பி.எஸ்.சி., பிறகு துறவி, 1931ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல தமிழ்ப் பேராசிரியர், 1943ல இலங்கைப் பல்கலைக்கழகத்துல, இதுக்கு நடுவுல பழந்தமிழ் யாழப் பத்திக் கனவருச ஆராய்ச்சி, அது நூலா வந்தது 1947ல, அதே வருசம்தான் காலமானாரு. விஞ்ஞானத்த விட்டுட்டு இசைக்குப் போன ஆள் இல்ல அவர், படிச்ச கணக்கையும் பௌதிகத்தையும் கொண்டு போய்த்தான் அந்த யாழின்ட சுரத்தக் கணக்குப் பாத்தவரு. அந்த அளவு ஆளோட நம்மள ஒப்பிடச் சொல்லல்ல, கையில இருக்கிறதக் கொண்டுதான் அடுத்ததுக்குப் போகணும் எண்டதுக்குச் சொன்னன்.

அப்ப உங்கட கையில என்ன இருக்கு? ஹார்ட்வெயார் கடையில இவ்வளவு வருசம் பில் போட்ட ஆளுக்கு எந்தச் சாமான் எந்த மாசம் ஓடும், எந்த மேசன் கடன் திருப்பித் தருவாரு, சீமெந்து விலை ஏறினா கம்பி எப்பிடிப் போகும் எண்டதெல்லாம் தெரியும். அதால ஸ்டொக் கணக்கு, எக்ஸெல், கணக்குப்பதிவு இந்தப் பக்கம் போங்க, முழுசா வேற துறைக்குப் பாயாதீங்க, குறைஞ்சது முதல் கோர்ஸாவது உங்கட கடையில அடுத்த நாளே செஞ்சு பாக்கிற மாதிரி இருக்கட்டும். ஓ.எல்.ல விட்ட பாடம் இருந்தா தனிப்பட்ட பரீட்சார்த்தியாத் திரும்ப எழுதலாம், அதுக்கு வயசெல்லை இல்ல. திறந்த பல்கலைக்கழகத்துல ஏ.எல்., அதான் உயர்தரம் இல்லாத ஆளும் அத்திவாரக் கோர்ஸால உள்ள போகலாம், மட்டக்களப்புல அவங்கட நிலையம் இருக்கு. சம்மாந்துறையில தொழில்நுட்பக் கல்லூரி உங்களுக்குக் கிட்ட. போஸ்டர் அடிச்சு மூணு மாசத்துல டிப்ளோமா தாறம் எண்டு சொல்ற இடங்களுக்குக் காசு கட்ட முதல், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுல அந்த நிறுவனமும் அந்தக் கோர்ஸும் பதிஞ்சிருக்கா எண்டு கேளுங்க, பதியல்லயெண்டா வெளியில வாங்க. பாவப்பட்ட குடும்பங்கள் நகைய அடகு வச்சுக் கட்டின காசு அப்பிடிப் போனதக் கண்டிருக்கன், எனக்கு அதில சரியான கோவம்.

முதலாளிகிட்ட இத்தின வருசம் இன்ன வேலை செஞ்சாரு எண்டு கையெழுத்தோட ஒரு கடிதம் எடுத்து வைங்க, எந்தப் பக்கம் போனாலும் அது தேவைப்படும். கோர்ஸ் தொடங்கிற திகதிய வீட்டு ஆக்களுக்கும் சொல்லிருங்க, மனிசிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிஞ்சா அந்த ரெண்டு மணித்தியாலத்துக்கு உங்களக் கடைக்கு, சந்தைக்கு எண்டு அனுப்பமாட்டாங்க. முதலாளி கடிதம் தர மறுத்தா எனக்கு எழுதுங்க, பழைய பில், சம்பளத் துண்டு, கூட வேலை செஞ்ச ஆக்கள்ட கடிதம் எண்டு வேற ஆதாரம் எப்பிடிச் சேக்கிறதெண்டு சொல்லித் தாறன்.