நீச்சல் கட்டுரை: 3 ஆண்டுகளை விட்டுவிட்டு ஒரு நாளை எழுதுங்கள்

வணக்கம். நீச்சல் கற்ற அனுபவத்தை ஆங்கில வகுப்புக்காக 700 சொற்களில் எழுதியதாகவும், அது நிகழ்ச்சிகளின் பட்டியல்போல இருப்பதால் 500 சொற்களுக்குள் திருத்தி எழுதும்படி ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள்.

வரைவைப் படித்தேன். மொழியில் பெரிய குறையில்லை; 3 ஆண்டுகளையும் ஒரே கட்டுரையில் அடைக்க முயன்றதுதான் சிக்கல். நான்காவது பத்தியில் ஆழமான பக்கத்தில் இறங்கச் சொன்னபோது ஏணிக் கம்பியை விட மனமில்லாமல் நின்றதையும், பின்னால் நின்ற சிறுவன் "நான் முதலில் போகட்டுமா?" என்று கேட்டதையும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கட்டுரை அங்கேதான் இருக்கிறது. அந்தக் கம்பியிலிருந்தே தொடங்குங்கள். "எனக்குப் பயமாக இருந்தது" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு, இறுகப் பிடித்ததில் விரல்கள் வெளுத்துப்போனதை எழுதினால், பயம் தானாகவே தெரிந்துவிடும்.

அதற்கு முந்தைய காலத்துக்கு இரண்டு வாக்கியங்கள் தாராளம். இறந்தகாலத்தில் தொடங்கிவிட்டு நடுவில் நிகழ்காலத்துக்குத் தாவுவதையும் (ஐந்து இடங்களில் கண்டேன்) சரிசெய்யுங்கள். ஆங்கிலத்தில் பேசுபவர் மாறும்போதெல்லாம் புதிய பத்தி தொடங்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

விடாமுயற்சியைப் புகழும் கடைசிப் பத்தி யார் கட்டுரைக்கும் பொருந்தும் என்பதால், தயங்காமல் நீக்கிவிடுங்கள். அந்தச் சிறுவன்மீது அன்று வந்த கோபம் உண்மையில் யார்மீது வந்தது என்று இன்று யோசித்து, கிடைக்கும் விடையை அந்த இடத்தில் மூன்று நான்கு வரிகளில் எழுதுங்கள்.