ஒட்டாவா குளிர்காலத்தில் ரியர் வீல் டிரைவ் கார் ஓட்டுவது ஆபத்தா?

கேட்டவர் இந்த ஊருக்குப் புதிது. பழைய ஜெர்மன் செடான் ஒன்று மலிவாக வருகிறதாம், பின்சக்கரத்தில் இழுவை உள்ள வண்டி, பனியில் அதை எடுத்தால் தொலைந்தாய் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்களாம், வாங்கலாமா என்கிறார்.

வாங்கலாம். ஆனால் கார் விலையோடு நான்கு வின்டர் டயரின் விலையையும் கூட்டிப் பாருங்கள். அப்போதும் கட்டுப்படியானால் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நான் ஓட்டப் பழகியது அப்பாவின் அம்பாசடரில். அதுவும் பின்சக்கர வண்டிதான், மாருதி ஆம்னியும் அப்படியே. அதனால் இங்கே இதே மாதிரி ஒரு செடானை வாங்கியபோது எனக்குப் பயமே இல்லை. மழைச் சேற்றில் ஓட்டியவனுக்குப் பனியா பெரிது என்று ஒரு திமிர்! டிசம்பரில் ஒரு நாள், சாதாரண ஆல் சீசன் டயரோடு, ஊர் நடுவே போகும் குவீன்ஸ்வே நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டேன், பாதி வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தேன், அவ்வளவுதான், வண்டியின் பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு சுற்று சுற்றி, ஓரத்தில் குவித்து வைத்திருந்த பனியில் போய்ச் செருகி நின்றேன். பின்னால் லாரி எதுவும் வராததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் அன்று பிரேக்கைத் தொடவே இல்லை. பிறகு ஏன் சுற்றியது? காலை எடுத்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது, பின்சக்கரங்கள் லேசாகின்றன, அதே நேரத்தில் எஞ்சின் அந்தப் பின்சக்கரங்களைத்தான் பிடித்து வேகத்தைக் குறைக்கப் பார்க்கிறது. வளைவில் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் டயருக்கு அது போதும். கியரைச் சட்டென்று குறைத்தாலும் இதே கதைதான். முன்சக்கர இழுவை வண்டியில் எஞ்சினின் இழுப்பு முன்பக்கம் விழும், பெரும்பாலும் நேரே வழுக்கிக்கொண்டு போவீர்கள். பின்சக்கர வண்டியில் வால் ஆடும். ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் காலை மெல்ல அழுத்துங்கள், எடுப்பதையும் மெல்லவே எடுங்கள். பின்சக்கர இழுவையுள்ள எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். காலை எடுத்ததும் பேட்டரிக்கு மின்சாரம் திரும்புகிறதே, அந்த இழுப்பும் பின்சக்கரத்தில்தான். செட்டிங்கில் அதைக் குறைக்க வழி இருந்தால் பனி நாளில் குறைத்து வையுங்கள்.

சரி, வால் போயே விட்டது, இப்போது? பின்பக்கம் வலது பக்கம் போனால் ஸ்டீயரிங்கையும் வலது பக்கமே திருப்ப வேண்டும். படிக்கும்போது குழப்பும், ஆனால் நீங்கள் போக வேண்டிய சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கை தானாக அதைத்தான் செய்யும். பனிக்குவியலைப் பார்த்தீர்களோ, அங்கேதான் போவீர்கள். வண்டி நேராகத் தொடங்கியதும் ஸ்டீயரிங்கையும் உடனே நேராக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறப்போம். மறந்தால் வால் அடுத்த பக்கம் முன்னைவிட வேகமாக வீசும். மேனுவல் என்றால் கிளட்சை மிதித்துவிடுங்கள். மோதப்போவது உறுதி என்றால் பிரேக்கை முழுதாக மிதியுங்கள், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலடியில் தடதடவென்று அடிக்கும், பயந்து காலை எடுக்காதீர்கள்.

இதையெல்லாம் படித்து மட்டும் கற்க முடியாது. அந்த விபத்துக்கு அப்புறம் வழுக்கலைச் சமாளிக்கச் சொல்லித்தரும் ஒரு நாள் வகுப்புக்குப் போனேன், வேண்டுமென்றே பத்துப் பதினைந்து முறை வண்டியைச் சுற்ற விட்டார்கள். அந்த ஒரு நாளில் கற்றது எனக்கு அதற்கு முந்தைய பத்து வருட ஓட்டத்தைவிட அதிகம்.

டயருக்கு வருகிறேன். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கிவிடும், பனியே இல்லாத சாலையிலும் பிடிப்பு குறையும். மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் படம் போட்டிருக்கிறதா என்று டயரின் பக்கவாட்டில் பாருங்கள். ஆற்றைத் தாண்டினால் கட்டினோ, அது கியூபெக். அங்கே பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். ஒன்டாரியோவில் அப்படிச் சட்டம் இல்லை, ஆனால் வின்டர் டயர் போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள். இழுப்பது பின்சக்கரம்தானே, பின்னால் இரண்டு மட்டும் போதாதா என்று மிச்சம் பிடிக்காதீர்கள். திருப்புவதும், பிரேக்கில் பெரும்பங்கு சுமப்பதும் முன்சக்கரம். கிளம்புவது சுலபமாகிவிடும், நிறுத்துவதுதான் நடக்காது.

டிக்கியில் மணல் மூட்டை போடலாமா என்று பலர் கேட்பார்கள். பிக்கப் லாரிக்கு அது உதவும், பின்பக்கம் காலியாக இருக்கும். செடானுக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனாலும் நான் ஒரு சிறு மூட்டை வைத்திருக்கிறேன், சிக்கிக்கொண்டால் டயருக்கடியில் தூவத்தான். மூட்டை எதுவானாலும் உருளாமல் கட்டி வையுங்கள்.

சிக்கிக்கொண்டால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றவே கூடாது, அடியில் உள்ள பனி உருகி ஐஸாகிவிடும். சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்துவிட்டு முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி எடுங்கள், மேனுவல் என்றால் இரண்டாவது கியரில். எஞ்சின் ஓடும்போது சைலன்சர் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் புகை உள்ளே வரும், அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

ஒன்று ஆச்சரியப்படுத்தும்: மைனஸ் 20ஐவிடச் சைபரை ஒட்டிய நாட்கள்தான் மோசம். கடுங்குளிரில் ஐஸ் காய்ந்து கொஞ்சமாவது பிடிக்கும், சைபரில் அதன் மேல் நீர்ப்படலம் நிற்கும். பாலங்கள் சாலைக்கு முன்னாலேயே உறையும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். ஈரச் சாலையில், வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் குரூஸ் கண்ட்ரோலும் வேண்டாம்.

உறைமழை, அதாவது விழுந்த இடத்திலேயே ஐஸாகும் மழை, வருகிறது என்று எச்சரிக்கை வந்தால் மட்டும் நான் காரை எடுப்பதில்லை. இன்று வீட்டிலிருந்து வேலை என்று மேனேஜருக்கு ஒரு வரி தட்டிவிட்டுக் காப்பி போடப் போய்விடுவேன். ஃபோர் வீல் டிரைவ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் அன்று எடுப்பதில்லை.