பீசோ பிக்அப்பில் அகூஸ்டிக் ஒலி: கேள்வி பதில்

திருமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் மேடையில் வாசிக்கும் பிள்ளைகள் பலர் ஒரே எலெக்ட்ரிக் கிற்றாரில் எலெக்ட்ரிக் ஒலி, அகூஸ்டிக் ஒலி இரண்டையும் எடுக்க விரும்புகிறார்கள். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில், அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ பிக்அப் பொருத்துவது அதற்காகத்தான். 1993இல் வந்த பார்க்கர் ஃப்ளை என்ற எலெக்ட்ரிக் கிற்றாரின் காலத்திலிருந்தே நடக்கிற காரியம் இது. ஆனாலும் பொருத்திய மறுநாளே “தகரச் சத்தம்” என்று முறைப்பாடு வருகிறது. இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் அதைப் பற்றியவையே.

உப்புவெளி ஹோட்டல்களில் வாசிப்பவர்: மாஸ்டர், என் கிற்றாரில் பீசோ சாடில்கள் (பிரிட்ஜில் தந்தி அமரும் சிறு தாங்கிகள்) போட்டுத் தந்தார்கள். வயரை நேராக மிக்சரில் செருகினால் பேஸே இல்லை, மெலிந்து கீச்சிடுகிறது. போலிச் சாமானா?

சாமானைக் குறை சொல்ல முன்னர் ஒன்றைப் பாருங்கள் தம்பி. கிற்றாருக்குள் பிரிஅம்ப், அதாவது சிக்னலை மிக்சருக்குப் போகுமுன் பலப்படுத்தும் சிறு சுற்று, இருக்கிறதா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இல்லைப் போலத்தான் தெரிகிறது.

அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பொருள்தான் பீசோ. கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்த இயல்பு அது. மின்சுற்றில் அது ஒரு சிறிய மின்தேக்கி போல நடந்துகொள்ளும். மின்தேக்கிக்குப் பின்னால் தடை வந்தால் தாழ்ந்த சுரங்கள் வெட்டுப்படும். எங்கிருந்து வெட்டுப்படும் என்பதைத் தடைதான் தீர்மானிக்கிறது. ஆறு சாடில்களும் சேர்ந்து 500 பிகோஃபரட் என்று வைத்துக்கொள்வோம். செருகும் இடத்தின் உள்ளீட்டுத் தடை 1 மெகாஓம் என்றால் சுமார் 320 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் இறங்கத் தொடங்கும். கிற்றாரின் தடித்த ஈ தந்தியோ 82 ஹெர்ட்ஸ். அதே பிக்அப்பை 10 மெகாஓம் உள்ளீட்டில் கொடுத்தால் எல்லை 32 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், தந்தி முழுதாகக் கேட்கும். மிக்சரின் லைன் உள்ளீடு பெரும்பாலும் 10 கிலோஓம் அளவுதான். அதில் மனிதக் காதுக்குக் கேட்கிற ஒலி முழுவதுமே வெட்டுப்படும் பகுதிக்குள் அகப்பட்டுவிடுகிறது. பேஸ் குமிழை எவ்வளவு திருப்பினாலும் திரும்பி வராது. கிற்றாருக்குள்ளேயே உள்ளீட்டுத் தடை உயர்ந்த ஒரு பஃபர் பிரிஅம்ப் போடுங்கள். வெளியே பெட்டியாக வைத்தால் இடையில் ஓடும் வயரை மிதித்தாலே கரகரக்கும்.

பாலையூற்றுத் தம்பி: பிரிஅம்ப் இருக்கிறது அண்ணா. 9 வோல்ட் பற்றரிதான் நிற்பதேயில்லை.

வாசித்து முடிந்ததும் ஜாக்கைக் கழற்றுங்கள். பெரும்பாலான கிற்றார்களில் ஜாக்தான் சுவிட்ச்.

கிண்ணியாவில் கல்யாண வீடுகளில் வாசிப்பவர்: அண்ணன், பேஸ் வருகிறது. ஆனால் அடித்து வாசித்தால் வாத்து கத்துவதுபோல “குவாக்” என்கிறது. ஈக்யூவில் எதைக் குறைக்க?

தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நான் கையில் தொடங்கச் சொல்வேன். சாடிலிலேயே இருக்கும் பீசோவுக்குத் தந்தியின் அடி நேராகப் போகிறது, இடையில் தணிக்க எதுவும் இல்லை. மெல்லிய பிக் எடுத்து, பிரிட்ஜுக்கு அருகே அல்லாமல் கழுத்துப் பக்கம் தள்ளி வாசியுங்கள். பாதி வாத்து அங்கேயே பறந்துவிடும். அடுத்து பிரிஅம்ப் திணறுகிறதா என்று பாருங்கள். வால்யூமை உள்ளே குறைத்து மிக்சரில் கூட்டினால் ஒலி தெளிந்தால், திணறல்தான் காரணம்.

பிறகு ஈக்யூ. 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு குறுகிய பட்டையைக் கூட்டி மெல்ல நகர்த்துங்கள். காது கூசும் இடம் ஒன்று அகப்படும், அங்கே 4 டெசிபல் அளவு குறையுங்கள். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் சரியவிடுங்கள். அதற்கு மேல் ஈக்யூவால் ஆகாது. நல்ல அகூஸ்டிக் கிற்றாரின் உடலுக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்திலும், மேற்பலகை 200 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் தானாக அதிரும். கட்டை உடம்புக் கிற்றாரில் அந்த அறையே கிடையாது. இல்லாததை ஈக்யூவால் கூட்ட முடியாதல்லவா?

அதற்குத்தான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் எனப்படும் ஐஆர் கோப்புகள். உண்மையான ஒரு கிற்றாரின் உடல் எப்படி அதிர்கிறது என்பதை மைக் வழியாகப் பதிந்து, அதை உங்கள் பீசோ ஒலியின்மேல் ஏற்றுவார்கள். ஐஆர் ஏற்றக்கூடிய மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பாதிக்குப் பாதி கலவையில் தொடங்குங்கள். முழுவதும் ஐஆர் வைத்தால் தனியே கேட்க அழகாக இருக்கும், டிரம்ஸ் சேர்ந்ததும் மூழ்கிவிடும். ரிவெர்ப் ஊற்றி வாத்தை மறைக்கப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உவர்மலை மாணவி: மாஸ்டர், பீசோ தனியே நன்றாக இருக்கிறது, எலெக்ட்ரிக்கின் வழக்கமான மேக்னெட்டிக் (காந்தப்) பிக்அப்பும் தனியே நன்றாக இருக்கிறது. இரண்டையும் கலந்தால் ஒலி வற்றிப்போகிறது.

ஒன்று மேலே தள்ளும்போது மற்றது கீழே இழுக்கிறது பிள்ளை, அதாவது துருவம் மாறியிருக்கிறது. பிரிஅம்பில் ஃபேஸ் சுவிட்ச் இருந்தால் மாற்றிப் பாருங்கள். இல்லாவிட்டால் மேக்னெட்டிக் பிக்அப்பின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிச் சோல்டர் பண்ணலாம். மேக்னெட்டிக் இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிக்அப்பின் உலோக மூடி எர்த் வயரோடு சேர்ந்திருந்தால் முதலில் அதைப் பிரித்துத் தனியாக எர்த்துக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டவுடன் இரையும். பீசோ வயரை மட்டும் இப்படி மாற்றாதீர்கள், அதன் வெளிவலை எர்த்திலேயே இருக்க வேண்டும்.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: மூன்றாவது தந்தி மட்டும் மங்கலாகக் கேட்கிறது. பீசோ செத்துவிட்டதா?

கடற்கரையில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் நான் முதலில் உப்பைத்தான் சந்தேகிப்பேன். தந்தியைத் தளர்த்தி, டோர்ச் அடித்துச் சாடிலின் அடியைப் பாருங்கள். உயரத் திருகாணிகளின் அடியில் பச்சையாகவோ செம்மண் நிறத்திலோ தூள் படிந்திருக்கும். இரண்டு திருகாணிகளில் ஒன்று தட்டைத் தொடாமல் அந்தரத்தில் நிற்பதும் உண்டு. சாடில் ஆடாமல் அமர்ந்தால்தான் அழுத்தம் பீசோவுக்குப் போகும். காய்ந்த பல்துலக்கியால் தட்டிவிட்டு, இரண்டு திருகாணிகளும் சமமாக உட்கார்ந்தபின் தந்தியை இறுக்குங்கள். சாடிலிலிருந்து உடம்புக்குள் இறங்கும் வயர் மயிரிழை மாதிரி இருக்கும், அதை இழுக்கக் கூடாது. எண்ணெய் ஸ்பிரே அடிக்கவே வேண்டாம். ஐப்பசி மழை தொடங்கினால் தை வரை கிற்றாரைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பவர்: கிற்றார் அம்பில் கொடுப்பதா, மிக்சரிலா?

மிக்சரில். கிற்றார் அம்பின் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸ் தாண்டினாலே சரிந்துவிடும், அகூஸ்டிக்கின் மினுக்கம் அதற்கு மேலேதான் இருக்கிறது. உங்கள் கிற்றாரில் ஸ்டீரியோ ஜாக் இருந்தால் இரண்டையும் பிரித்து, மேக்னெட்டிக்கை அம்புக்கும் பீசோவை, சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பெட்டி வழியாக மிக்சருக்கும் அனுப்புங்கள்.

தம்பலகாமம் தம்பி: பாஸ்பர் பிரான்ஸ் தந்தி போட்டால் அகூஸ்டிக் ஒலி வருமா?

பீசோவுக்கு வரும், ஆனால் மேக்னெட்டிக்கில் கம்பி சுற்றிய தடித்த தந்திகள் சோர்ந்துபோகும். வெண்கலத்தைக் காந்தம் கண்டுகொள்வதில்லை. நிக்கல் தந்தியில் 10 அல்லது 11 தடிப்புச் செட் போடுங்கள். டிரெமோலோ ஸ்பிரிங்குகள் கிணுகிணுப்பதையும் பீசோ ஒட்டுக்கேட்கும், பின்மூடியைத் திறந்து அவற்றின்மேல் ஒரு துண்டு ஸ்பஞ்ச் வைத்துவிடுங்கள்.

மூதூரிலிருந்து ஓர் ஐயா: இத்தனை பாடுபடுவதற்கு ஓர் அகூஸ்டிக் கிற்றாரே வாங்கிவிடலாமே?

ஒலிப்பதிவுக்கு என்றால் நீங்கள் சொல்வது சரி ஐயா. நல்ல அகூஸ்டிக் கிற்றாரும் ஒரு மைக்கும் இருந்தால் பீசோவைத் தொடவே வேண்டாம். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று, மேடை மொனிட்டர் ஸ்பீக்கர் முகத்தில் அறைய வாசிக்கும்போதுதான் கதை மாறுகிறது. அங்கே அகூஸ்டிக் ஊளையிடும், கட்டை உடம்பு பெரும்பாலும் அசையாது.

அதே ஐயா: பழைய அலாரத்தில் இருந்த வட்டப் பீசோத் தகடு ஒன்று கிடக்கிறது. அதை ஒட்டலாமா?

எலெக்ட்ரிக்கில் வேண்டாம், தந்தியைவிடக் கை உரசுவதுதான் அதிகம் கேட்கும். வீட்டில் பழைய அகூஸ்டிக் இருந்தால் பிரிட்ஜுக்கு நேர் கீழே, மேற்பலகையின் உட்புறத்தில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிப் பாருங்கள். அதற்கும் பிரிஅம்ப் வேண்டும்.