அது வாய்தான், கம்ப்யூட்டர் இல்லை

கேள்வி: சாப் என்ற அமெரிக்க இசைக்குழுவின் ரோஜர் ட்ரௌட்மனை ஃபங்க் (தாளத்தையும் பேஸையும் முன்னிறுத்தும் நடன இசை) மேதை என்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த அவருடைய ஆல்பங்களை போனில் கேட்டுப் பார்த்தேன். எங்கும் ஆட்டோ-ட்யூன் போட்ட ரோபோ குரல், அரைத்த மாவையே அரைக்கும் தாளம். பாடத் தெரியாததை மெஷினை வைத்து மறைத்திருக்கிறார் என்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

பதில்: பாடுபவரின் சுருதியைத் திருத்தும் மென்பொருளான ஆட்டோ-ட்யூன் சந்தைக்கு வந்தது 1997இல். சாப்பின் முதல் ஆல்பம் வந்தது 1980இல். பதினேழு வருடம் முன்னாலேயே ரோஜர் அதை எந்தக் கடையில் வாங்கினார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வோகோடர் என்று எழுதியிருந்தால்கூட விட்டிருப்பேன், பலரும் செய்யும் பிழை அது. வோகோடரில் பாடுபவரின் குரல் மைக் வழியாக உள்ளே போகிறது. கருவி அதைப் பல அலைவரிசைகளாகப் பிரித்து, அந்த ஏற்ற இறக்கங்களை சின்தசைசர் (மின்சுற்றால் ஒலி எழுப்பும் கருவி) ஒலிமேல் ஏற்றுகிறது. வேலை முழுக்க மின்சுற்றுக்குள்தான் நடக்கிறது.

ரோஜர் பயன்படுத்தியது டாக் பாக்ஸ். சின்தசைசரின் ஒலி ஆம்ப்ளிஃபயர் வழியாக ஹார்ன் டிரைவர் என்ற சிறிய ஒலிபெருக்கிப் பாகத்துக்குப் போகும். டிரைவரின் வாயில் சுமார் அரை அங்குல பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருக்கும். குழாயின் மறுமுனை பாடுபவரின் வாய்க்குள், கடைவாய்ப் பல் ஓரமாக. அவர் தொண்டையிலிருந்து குரலே எழுப்புவதில்லை. நாக்கையும் உதட்டையும் தாடையையும் மட்டும் அசைக்கிறார். வாய்க்குள் வரும் ஒலி சொல்லாகி வெளியே வரும்போது எதிரே இருக்கும் மைக் அதைப் பிடிக்கிறது. மோர்சிங் வாசிப்பவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த விளக்கமே தேவையில்லை. அங்கே நாதம் தருவது இரும்பு நாக்கு, இங்கே மினிமூக் போன்ற சின்தசைசர். ஒரே வேறுபாடு, மோர்சிங்கின் சுருதி மாறாது. இங்கே சுருதியைக் கீபோர்டில் விரல் தீர்மானிக்கிறது. விரல் ஸ்வரத்தைப் பிடிக்கும் அதே கணத்தில் வாய் எழுத்தைப் பிடிக்க வேண்டும். ஒன்று பிந்தினால் சொல் குளறும்.

இதில் எதையாவது மறைக்க முடியும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம். ஒரே அதிர்வெண் மட்டும் கொண்ட மென்மையான சைன் அலையை அனுப்பினால் 'ஆ'வும் 'ஈ'யும் ஒன்றுபோலவே கேட்கும். வாய் வடிகட்டுவதற்கு அதில் மேற்சுரங்கள் (அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள்) இல்லை. அவை நிறைந்த ரம்பப்பல் அலைதான் சரி. குழாய் நீளமானால் உச்ச ஒலிகள் வழியிலேயே தேய்ந்து, சொல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். 'ஸ', 'ஷ' உரசலை வாசிப்பவரே மூச்சால் ஊதிச் சேர்க்க வேண்டும். 'ம', 'ப' சொல்லக் குழாயைச் சுற்றி உதடு மூட வேண்டும். தாழ்ந்த ஒலிகளை வெட்டாமல் முழு வால்யூமில் அனுப்பினால் டிரைவரின் மெல்லிய தகடு கிழிந்துவிடும். எச்சில் ஒழுகுவதைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. இத்தனைக்கும் நடுவில் ரோஜரின் மெய்யெழுத்துகள் தெளிவாக விழுகின்றன. அதைத்தான் நீங்கள் ரோபோ என்கிறீர்கள்.

தாளத்துக்கு வருவோம். முதல் ஆல்பத்தை ரோஜரோடு சேர்ந்து தயாரித்தவர் பூட்சி காலின்ஸ். ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனிடம் பேஸ் கிட்டார் வாசித்து, தாளத்தின் முதல் தட்டில் எடையை இறக்கக் கற்றவர். அதில் உள்ள 'மோர் பவுன்ஸ் டு தி அவுன்ஸ்' பாட்டு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அடித்தளம் நகராது, உண்மைதான். நகர்வது அதன்மேல் வந்து போகிறவை: கைத்தட்டல், கிட்டாரின் சுரண்டல், டாக் பாக்ஸ். எது நுழைகிறது, எது விலகுகிறது என்று கேளுங்கள். வாத்தியங்களுக்கு இடையே இப்படி இடம் விட்டிருப்பதால்தான் பின்னால் வந்த ராப் கலைஞர்கள் சாப்பின் பாட்டுத் துண்டுகளை வெட்டித் தங்கள் பாட்டுகளில் இவ்வளவு ஒட்டினார்கள். 1988இல் இபிஎம்டி என்ற ராப் குழு எடுத்தது இந்தப் பாட்டைத்தான். 1993இல் டூபாக் எடுத்தது அதே ஆல்பத்தின் 'பி ஆல்ரைட்'. 1995இல் டூபாக்கின் 'கலிஃபோர்னியா லவ்' பாட்டுக்கு ரோஜரே நேரில் வந்து பாடினார்.

போனில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் குட்டி ஸ்பீக்கரில் பேஸின் அடித்தளம் வராது. சாப்பில் பேஸை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கைத்தட்டல்தான், சலிக்காமல் என்ன செய்யும்? ஹெட்ஃபோன் போடுங்கள். தொகுப்பு ஆல்பமாக இருந்தால் பாட்டின் நேரத்தைப் பாருங்கள். 'மோர் பவுன்ஸ்' நாலு நிமிடம் என்று போட்டிருந்தால் அது சிங்கிளுக்காக வெட்டியது.

1980 ஆல்பத்தைக் கேட்டு முடித்ததும், 1981இல் ரோஜர் தன் பெயரில் போட்ட 'த மெனி ஃபேசட்ஸ் ஆஃப் ரோஜர்' ஆல்பத்துக்குப் போங்கள். என் கணக்கில் இருப்பதிலேயே சிறந்தது இதுதான். மார்வின் கே 1968இல் பாடிப் புகழாக்கிய 'ஐ ஹர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்' இங்கே பத்து நிமிடத்துக்கு மேல் நீண்டு, அமெரிக்க ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம் பிடித்தது. மெஷினுக்குப் பின்னால் ஒளிந்தவர் என்ற சந்தேகம் இன்னும் மிச்சமிருந்தால் அதே ஆல்பத்தின் 'மாக்ஸ் ஆக்ஸ்' கேளுங்கள், கிட்டார்தான் பேசுகிறது. 1982இன் 'சாப் 2'வில் 'டான்ஸ் ஃப்ளோர்' போதும் என்பார்கள், அதுவும் முதலிடம் பெற்றதுதான். நான் 'டூ வா டிட்டி'யையும் சேர்ப்பேன். 1983இன் 'சாப் 3'க்கு அவசரமே இல்லை. 'ஐ கேன் மேக் யூ டான்ஸ்' ஒன்றைக் கேட்டுவிட்டு முதல் ஆல்பத்துக்குத் திரும்புங்கள்.