கோண்டாவில் தாய்க்கு ஒரு பதில்: காணியை விற்க வேண்டாம்

கடந்த சனிக்கிழமை கோண்டாவிலிலிருந்து ஒரு தாய் தன் மகனுடன் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார். மகன் உயர்தரக் கணிதப் பிரிவில் இரண்டாம் முறையும் தோற்றிச் சித்தியடைந்திருக்கிறார்; ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணிக்கப்படும் அவருடைய இசெட் புள்ளி பொறியியல் பீடத்துக்குப் போதாது. கனடாவில் இருக்கும் தாய்மாமன், கொழும்பில் கட்டணம் செலுத்திப் படிக்கும் பொறியியல் பட்டப்படிப்பில் சேர்த்துவிடும்படி தொலைபேசியில் நெருக்குகிறார். பாதிப் பணத்தை அவர் தருவாராம். மீதிக்குத் தென்மராட்சியில் உள்ள ஆறு பரப்புக் காணியை விற்க வேண்டுமாம். தாய் காணி உறுதியைக் கைப்பையிலேயே கொண்டுவந்திருந்தார்.

அம்மா, அன்று உங்களுடைய கலக்கத்தைப் பார்த்து ஆறுதலாகச் சில வார்த்தைகள் சொன்னேன். வீட்டுக்குப் போன பிறகு, அது போதாது என்று பட்டது. ஆகவே வெளிப்படையாக எழுதுகிறேன்: அந்தக் காணியை இந்தப் படிப்புக்காக விற்க வேண்டாம். பாதிப் பணம் தருகிறேன் என்பவர் முதல் ஆண்டில் தருவார். அவருக்கும் வீட்டுக் கடனும் பிள்ளைகளும் உண்டு. நாலு ஆண்டுக் கட்டணத்தோடு கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேரும்போது ஆறு பரப்பின் விலை மூன்றாம் ஆண்டுக்குள் கரைந்துவிடும். இடையில் படிப்பு நின்றால் பட்டமும் இல்லை, காணியும் இல்லை. இப்படி நின்றுபோன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அந்தக் குடும்பம் என்னிடம் வந்தபோது "உங்கள் விருப்பம்" என்று சொல்லி நான் ஒதுங்கிக்கொண்டேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

இதைவிடப் பெரிய காரணம் உங்கள் மகனே. பொறியியல் படிக்க விருப்பமா என்று கேட்டபோது அவர் உங்கள் முகத்தைப் பார்த்தார். வேறு என்ன செய்வீர்கள் என்று கேட்டதும், கொஞ்சம் தயங்கி, பையிலிருந்து ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியை எடுத்து நீட்டினார். உங்கள் ஒழுங்கையில் தண்ணீர்க் குழாய் புதைத்தபோது, குழாய் எங்கே வளைகிறது, வால்வு எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் நாடா பிடித்து அளந்து அதில் வரைந்திருக்கிறார். ஒரு வால்வுக்குப் பக்கத்தில் "மதில் மூலையிலிருந்து 1.8 மீற்றர், மின்கம்பத்திலிருந்து 3.4 மீற்றர்" என்று எழுதியிருந்தது. இரண்டு நிலையான அடையாளங்களிலிருந்து அளந்தால்தான் புதைந்துபோன ஒரு பொருளைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது வரைபடத் தொழில்நுட்பவியலாளர் என்ற தொழிலின் முதற்பாடம்.

நீர் வழங்கல், வடிகால், மின் விநியோகம் போன்ற சேவைகளை நடத்தும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும், நிலத்துக்கு அடியிலும் மேலும் தனக்குச் சொந்தமானவை எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். அதை அளந்து, கணினியில் வரைந்து, நாள்தோறும் திருத்தி வைத்திருப்பவரே வரைபடத் தொழில்நுட்பவியலாளர். புவியியல் தகவல் முறைமை என்று நாம் சொல்லும் ஜிஐஎஸ் மென்பொருளில் ஒரு குழாய் வெறும் கோடாக இருப்பதில்லை. அதன் விட்டம், அது பிவிசியா வார்ப்பிரும்பா, எந்த ஆண்டு எவ்வளவு ஆழத்தில் புதைக்கப்பட்டது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பவையெல்லாம் அந்தக் கோட்டோடு சேர்த்தே பதியப்படும். ஒரு சந்தியில் இரண்டு கோடுகள் கண்ணுக்குத் தொட்டுக்கொண்டிருப்பதுபோலத் தெரிந்தாலும், முனைகள் சரியாக இணையாவிட்டால் அங்கே தண்ணீர் ஓடுகிறது என்று கணினி ஏற்காது.

இரவு பத்து மணிக்கு ஒரு பிரதான குழாய் வெடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் சரியாக இருந்தால் எந்த மூன்று வால்வுகளை மூட வேண்டும், அதனால் எத்தனை வீடுகளுக்குத் தண்ணீர் நிற்கும், வைத்தியசாலை அதற்குள் அடங்குகிறதா என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். பிழையாக இருந்தால், வீதிக்கு மேலே தார் போட்டபோது மூடுண்டுபோன வால்வு மூடியைத் தேடி, ஆட்கள் அலவாங்கோடு விடியும்வரை தோண்டுவார்கள். இரும்புக் குழாயை மின்காந்தக் கருவி கண்டுபிடித்துவிடும். பிவிசிக் குழாயோ, கூடவே கம்பி புதைக்கப்படாவிட்டால், அந்தக் கருவிக்கு அகப்படாது. அப்போது நம்பக்கூடியது யாரோ ஒருவர் ஒழுங்காக எழுதிவைத்த அளவு மட்டுமே.

ஆகவே இந்த வேலைக்கு வேண்டிய முதற்குணம் கவனம். ஓர் இடத்தை எண்களால் குறிக்க இலங்கையில் இரண்டு ஆள்கூற்று முறைகள் புழக்கத்தில் உள்ளன: பழைய கந்தவல முறையில் மையப்புள்ளிக்கு 2 இலட்சம் மீற்றர் என்றும், 1999ஆம் ஆண்டு முறையில் 5 இலட்சம் மீற்றர் என்றும் எண் கொடுக்கப்படுகிறது. ஒன்றை மற்றதாக எண்ணித் திறந்தால் கோண்டாவில் வால்வு கடலுக்குள் போய் நிற்கும். அந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். தெரியாத பிழைதான் ஆபத்தானது. கைபேசியின் ஜிபிஎஸ் சில மீற்றர் பிழைக்கக்கூடியது. நம்முடைய ஒழுங்கைகள் பலவற்றின் அகலமே அவ்வளவுதான். கைபேசியை நம்பிக் குறித்த குழாய் அயல் வீட்டு வளவுக்குள் போய்விடும். அந்த வித்தியாசத்தைப் பொறுக்க முடியாத பிள்ளைக்கு இந்த வேலை பொருந்தும். உங்கள் மகன் அப்படிப்பட்டவர் என்பதற்குக் கொப்பியே சாட்சி.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இது நல்ல காலம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீரைக் கிணறுகளில் அள்ளியே தலைமுறைகளாக வாழ்ந்தோம். 2024இல் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறந்துவைக்கப்பட்டது. அந்த நீரைக் கொண்டுவரும் குழாய்கள் புதியவை. அவற்றின் பதிவுகள் இப்போது சரியாக அமைந்தால் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு உதவும். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையைத் தவிர, மாநகர சபைக்கும், மின் விநியோகத்துக்கும், தொலைத்தொடர்புக்கும், குழாய் புதைக்கும் ஒப்பந்தகாரர்களுக்கும் இதே திறமை தேவை.

வழியைச் சொல்கிறேன். முதலில் மூன்று மாதம். கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். அதில் உங்கள் ஒழுங்கையையும் அயல் ஒழுங்கைகளையும், கிணறு, மின்கம்பம், வால்வு, வடிகால் என்று தனித்தனி அடுக்குகளாக அவர் வரையட்டும். சலிப்பு வந்தால் நிறுத்திவிடலாம். நட்டம் ஒன்றும் இல்லை. சலிப்பு வராவிட்டால், அரச தொழில்நுட்பக் கல்லூரிகளில் படவரைதல், நில அளவை சார்ந்த என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) பாடநெறிகள் எந்தத் தவணையில் தொடங்குகின்றன என்று நேரிலே போய்க் கேளுங்கள். நான்காம் மட்டச் சான்றிதழிலிருந்து ஐந்தாம், ஆறாம் மட்ட டிப்ளோமாவுக்கும், ஏழாம் மட்டமான பட்டத்துக்கும் ஏறிச்செல்ல அந்த முறையில் இடமுண்டு. கூடவே சிங்களம் படிக்கட்டும். அரச வேலையில் அது வேண்டும். தலைமை அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசவும் வேண்டும்.

குறைகளையும் மறைக்கமாட்டேன். அரச வெற்றிடங்கள் ஒழுங்காக வருவதில்லை; வர்த்தமானியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும், இடையில் ஒப்பந்தகாரரிடம் வேலை செய்ய வேண்டிவரும். தொடக்கச் சம்பளம் பொறியியலாளருடையதைவிடக் குறைவு. பாதி நாள் வெயிலில் நிற்க வேண்டும். கலியாணப் பேச்சில் "மகன் என்ன செய்கிறார்" என்று கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்லச் சிரமமாக இருக்கும் என்று நீங்கள் மெல்லிய குரலில் சொன்னதையும் நான் மறக்கவில்லை. அந்தச் சிரமத்தை நீங்கள் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும், அம்மா. அதை அவர்மேல் சுமத்தக்கூடாது.

மாமன் மருமகனுக்கு உதவ உண்மையிலேயே விரும்புகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரிடம் ஒரு மடிக்கணினி கேளுங்கள். எட்டு கிகாபைட் நினைவகம் உள்ள, பாவித்த கணினியே போதும். உறுதியை வீட்டில் வைத்துவிட்டு, அடுத்த மாதம் முதற் சனிக்கிழமை தம்பியைத் தனியாக என்னிடம் அனுப்புங்கள். கொப்பியையும் கொண்டுவரட்டும், அந்த ஒழுங்கையிலிருந்தே தொடங்குவோம்.