பாடல் வரியின் பொருளை இசையமைப்பாளர் மெட்டிலேயே காட்டுகிறார் என்பது உண்மையா, கேட்பவரின் கற்பனையா?

நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், இதெல்லாம் பிரமை என்று யாரோ உங்கள் வாயை அடைத்திருக்கிறார் எனத் தோன்றுகிறது. சேலத்தில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்கு நெடுங்காலமாகப் பியானோ வாசிப்பவன் என்ற முறையில், அது பிரமையன்று என்று உறுதியாகச் சொல்வேன்.

ஐரோப்பிய இசையமைப்பாளர் ஹாண்டெல் 1741இல் இயற்றிய ‘மெசையா’ என்னும் கிறிஸ்தவ இசைப்படைப்பில் டெனர் குரலுக்கு, அதாவது ஆண்களின் உயர்ந்த குரலுக்கு, வரும் முதல் ஆரியாவின் (தனிப்பாடலின்) சொற்கள் விவிலியத்தின் ஏசாயா 40ஆம் அதிகாரத்தைச் சேர்ந்தவை: பள்ளமெல்லாம் உயர்த்தப்படும், மலையும் குன்றும் தாழ்த்தப்படும், கோணலானது நேராகும், கரடுமுரடானது சமமாகும். ஆங்கில மூலத்தில் ‘உயர்த்தப்படும்’ என்ற சொல்லை நீண்ட சுரவரிசை சுமந்துகொண்டு ஏறுகிறது. ‘தாழ்வு’ வரும்போது குரல் கீழே இறங்குகிறது. ‘கோணல்’ என்ற இடத்தில் அடுத்தடுத்த இரு சுரங்களுக்கிடையே மாறி மாறி அசைகிறது. ‘சமம்’ என்னும்போது ஒரே சுரத்தில் நீண்டு நிற்கிறது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு இதைப் பாட முன்வந்தவர் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் இளைஞர். நல்ல குரல், ஆனால் கோணல் வரும் இடத்தை வழவழவென்று இழுத்துவிடுவார். “தம்பி, மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நேராகவா ஓட்டி இறங்கி வருகிறீர்கள்?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அந்த இரு சுரங்களையும் தனித்தனியே பிரித்துப் பாடினார். ஓரத்தில் அமர்ந்திருந்த, ஆல்ட்டோ என்னும் தாழ்ந்த பெண் குரலில் பாடும் அக்காமார்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

இதே படைப்பில் ‘நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்’ என்னும் கோரஸின் இசையை ஹாண்டெல் தம்முடைய இத்தாலியக் காதல் பாடல் ஒன்றிலிருந்து எடுத்தார், வேறு சொற்களுக்குப் போட்ட மெட்டு இந்தச் சொற்களின் பொருளை எப்படிக் காட்டும் என்று எவரேனும் மறுக்க வரலாம். உண்மைதான், எனவே ஒவ்வொரு சங்கதிக்கும் பொருள் தேடுவதை நானும் ஏற்பதில்லை. சொற்களை நீக்கிவிட்டுப் பியானோவில் மட்டும் வாசித்தால், பள்ளமும் மலையும் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதையும் மறுக்கவில்லை. சொல் சுட்டுகிறது, இசை அதை நடித்துக் காட்டுகிறது. நம் கர்நாடக இசையின் சுவராட்சரத்தை இதனோடு சேர்த்துவிடாதீர்கள். பாடல் வரியின் ‘ச’ என்னும் எழுத்து ‘ச’ என்றே பாடப்படும் சட்ஜ சுரத்தில் அமர்வது ஒலிப்பொருத்தம், பொருளைக் காட்டுவதன்று.

ஆராதனையன்று ஒலிபெருக்கிக்காரர் எங்களைக் கேட்காமலேயே எதிரொலியைக் கூட்டிவைத்ததில், நாங்கள் அரும்பாடுபட்டுப் பிரித்த இரு சுரங்களும் ஒன்றோடொன்று குழைந்து போயின. வெளியே வந்தவர்கள் முதலில் பாராட்டியது அவரைத்தான்.